நிட்டிங் மெஷினுக்கு ஒரு கோடி போடலாமா? முதலீட்டுக் கணக்கும் கம்பெனி மதிப்பும்

திருப்பூரில் கூலிக்குத் துணி பின்னித் தரும் ஒரு நிட்டிங் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நூல் பனியன் கம்பெனியிலிருந்து வரும். அதைத் துணியாக்கிக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். அந்த யூனிட் புதிதாகச் சில வட்டப் பின்னல் மெஷின்கள் வாங்க நினைக்கிறது. வண்டி வாடகை, பொருத்தும் செலவு எல்லாம் சேர்த்து, ஜி.எஸ்.டி. நீங்கலாக 100 லட்சம் ரூபாய். வாங்கலாமா, வேண்டாமா?

இதற்கு விடை சொல்லும் சூத்திரத்தை ஒரு மதியத்தில் படித்துவிடலாம். அதில் தப்பு செய்பவர்கள் குறைவு. எந்தப் பணத்தை எந்த வருடத்தில் எழுதுவது, எதை எழுதவே கூடாது என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் கவிழ்கின்றன. ஆகவே இங்கே சூத்திரத்துக்குக் கொஞ்ச இடம், அட்டவணைக்கு நிறைய இடம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வரி, தேய்மான விதிகள் மட்டும் நடைமுறையில் உள்ளவை.

லாபம் வேறு, ரொக்கம் வேறு

முதல் விதி: கணக்குப் புத்தகத்து லாபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் கையை விட்டுப் போகும் நாளையும் கைக்கு வந்து சேரும் நாளையும் மட்டும் பார்க்க வேண்டும். மெஷினுக்கு 100 லட்சம் இன்றே போகிறது. புத்தகத்தில் அது பல வருடத் தேய்மானமாகப் பிரிந்து வரும். தேய்மானம் என்ற பெயரில் யாருக்கும் நாம் காசோலை கொடுப்பதில்லை. ஆனாலும் அதை மறந்துவிட முடியாது, ஏனென்றால் அது வரியைக் குறைக்கிறது. வரி என்பது நிஜமாகவே வெளியே போகும் பணம்.

நம் மெஷின்கள் வருடத்துக்கு 80 லட்சம் கூலி வருமானம் தரும், ஆள், மின்சாரம், ஊசி, எண்ணெய், பராமரிப்பு எல்லாம் 46 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 34 லட்சம். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு மெஷின்களை 30 லட்சத்துக்கு விற்றுவிடலாம் என்பது திட்டம்.

பார்ட்டி பணம் உடனே தரமாட்டார்; 45 நாள் கடன் கொடுத்தாக வேண்டும். 80 லட்சத்தில் 45 நாள் என்றால் ஏறக்குறைய 10 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். இதுதான் நடைமுறை மூலதனம். செலவில்லை, ஆனால் முடங்கிய பணம். தொடக்கத்தில் கழித்து, ஐந்தாம் வருடக் கடைசியில் கூட்ட வேண்டும். அட்டவணையில் தொடக்கக்காரர்கள் அதிகம் விட்டுவிடுகிற இனம் இதுவே. பாக்கி 90 நாளாக நீண்டால் முடங்கும் தொகை இரட்டிப்பாகும். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தராதவர், அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும் வருடம் வரை செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. இருந்தும் அட்டவணையில் போட வேண்டியது சட்டம் சொல்லும் நாளை அல்ல, உங்கள் பார்ட்டி போன வருடம் உண்மையில் எடுத்துக்கொண்ட நாளை.

வரி: 22 சதவீதச் சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த உள்நாட்டுக் கம்பெனிக்கு, 10 சதவீத மேல்வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 25.168 சதவீதம் ஆகிறது. கையால் போடுவதற்கு 25 என்று வைத்துக்கொள்வோம். பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்றால் 30 சதவீதமும் செஸ்ஸும். இதே மெஷின், இதே கூலி, வேறு விடை வரும். தேய்மானம் வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், குறையும் மதிப்பு முறையில். அதாவது ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பில் 15 சதவீதம். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த வருடம் பாதிதான். நாம் ஏப்ரலிலேயே ஓட்டத் தொடங்குவதாகக் கொள்வோம்.

இப்போது அட்டவணை, லட்சம் ரூபாயில்:

தொடக்கம்: மெஷின் 100, நடைமுறை மூலதனம் 10. மொத்தம் வெளியே 110.
1-ம் வருடம்: தேய்மானம் 15.00, வரி 4.75, கையில் 29.25
2-ம் வருடம்: தேய்மானம் 12.75, வரி 5.31, கையில் 28.69
3-ம் வருடம்: தேய்மானம் 10.84, வரி 5.79, கையில் 28.21
4-ம் வருடம்: தேய்மானம் 9.21, வரி 6.20, கையில் 27.80
5-ம் வருடம்: தேய்மானம் 7.83, வரி 6.54, கையில் 27.46. இதோடு மெஷின் விற்ற 30, திரும்பிய நடைமுறை மூலதனம் 10. மொத்தம் 67.46.

முதல் வருட வரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 34-இல் 15 போக 19, அதில் 25 சதவீதம் 4.75, 34-இல் 4.75 போக 29.25. தேய்மானத்தைக் கழித்தது வரி கண்டுபிடிக்க மட்டும். வரி தெரிந்ததும் திரும்ப 34-க்கே வந்து அதிலிருந்து வரியைக் கழிக்கிறோம்.

ஐந்து வருடம் முடிந்தபோது வரிக் கணக்கில் மெஷினின் மதிப்பு 44.37 லட்சம், விற்றது 30-க்கு. வித்தியாசம் 14.37 லட்சத்தை நஷ்டம் என்று ஒரேயடியாகக் கழிக்க முடியாது. இந்திய முறையில் ஒரே விகிதத் தேய்மானமுள்ள சொத்துகள் எல்லாம் ஒரு தொகுப்பாக இருக்கும். விற்ற பணம் அந்தத் தொகுப்பிலிருந்து கழியும், மிச்சம் தொகுப்பிலேயே தங்கி வருடாவருடம் 15 சதவீதமாகக் கரையும். அதனால் கிடைக்கும் வரிச் சேமிப்பின் இன்றைய மதிப்பு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எளிமைக்காக இங்கே விட்டுவிடுகிறோம்.

நாளைய ரூபாய்க்கு இன்று என்ன விலை

ஐந்து வருடம் கழித்து வரும் 67.46 லட்சமும் இன்று கொடுக்கும் 67.46 லட்சமும் ஒன்றாகா. இன்று கையில் பணம் இருந்தால் அதை வேறிடத்தில் போட்டு வளர்க்கலாம். அந்த வளர்ச்சியைப் பின்னோக்கிக் கழிப்பதுதான் தள்ளுபடி. இந்தப் பணம் வருடத்துக்கு 14 சதவீதம் ஈட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், அடுத்த வருடம் வரும் 114 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 100. இரண்டு வருடம் கழித்து வருவதை 1.14-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும், ஐந்து வருடம் என்றால் ஐந்து முறை.

அப்படி வகுத்தால் ஐந்து வருட வரவுகளும் முறையே 25.66, 22.07, 19.04, 16.46, 35.04 ஆகின்றன. கூட்டினால் 118.27. போட்டது 110. மிச்சம் 8.27 லட்சம். இதுவே நிகர தற்போதைய மதிப்பு, பேச்சில் என்.பி.வி. அது கூட்டலில் வந்தால் திட்டம் போட்ட முதலையும் எதிர்பார்த்த 14 சதவீதத்தையும் கொடுத்துவிட்டு அதற்கு மேலும் 8.27 லட்சத்தை இன்றைய பணத்தில் தருகிறது என்று பொருள். கழித்தலில் வந்தால் திட்டம் நஷ்டம் என்று அர்த்தமில்லை. எதிர்பார்த்த 14-ஐ எட்டவில்லை என்பதே.

எக்செல்லில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள என்.பி.வி. ஃபங்ஷன், கொடுக்கும் முதல் எண்ணே ஒரு வருடம் கழித்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். தொடக்க முதலீட்டையும் அதே வரிசைக்குள் கொடுத்தால் எல்லாமே ஒரு வருடம் தள்ளிப்போய், 8.27-க்குப் பதில் 7.25 வரும். முதலாம் வருடத்திலிருந்து வரும் வரவுகளை ஃபங்ஷனுக்குள் கொடுத்து, 110-ஐ வெளியே தனியாகக் கழியுங்கள்.

14 எங்கிருந்து வந்தது

பலர் போடும் குறுக்குவழி: வங்கி 11 சதவீதத்துக்கு லோன் தருகிறது, ஆகவே 11-ஐத் தள்ளுபடி விகிதமாக வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் நம் திட்டத்தின் என்.பி.வி. 18.6 லட்சம் என்று காட்டும், இரண்டு மடங்குக்கும் மேல். வங்கி 11-க்குத் தருவது திட்டம் பாதுகாப்பானது என்பதால் அல்ல. அதன் பின்னால் உங்கள் இடமும் ஜாமீனும் நிற்கின்றன, முதல் அடி உங்கள் மூலதனத்தில்தான் விழும் என்று வங்கிக்குத் தெரியும். மலிவான லோன் கிடைப்பதே உங்கள் சொந்தப் பணம் ரிஸ்க்கை ஏற்பதால்தான். அந்தச் சொந்தப் பணத்துக்கும் விலை உண்டு, அது லோனைவிட அதிகம்.

அதனால் இரண்டையும் அவற்றின் பங்குப்படி கலந்து எடுக்க வேண்டும். லோனுக்கு வட்டி 11. வட்டிக்கு வரிக்கழிவு உண்டு என்பதால் உண்மைச் செலவு 8.25. சொந்த மூலதனத்துக்குப் பத்து வருட அரசுப் பத்திரத்தின் வருமானத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அதை 7 என்று கொள்வோம். பங்குச் சந்தை அதற்கு மேல் தர வேண்டிய கூடுதல் 7.5, இந்தத் தொழில் சந்தையைவிட 1.2 மடங்கு ஆட்டம் கொண்டது என்றால் 9. சின்ன நிறுவனம், எளிதில் விற்று வெளியேற முடியாது என்பதற்கு 2. மொத்தம் 18. அந்த 1.2-க்கு பீட்டா என்று பெயர். பட்டியலிடாத நிறுவனத்துக்குப் பீட்டா கிடையாது. அதே தொழிலில் பட்டியலிட்ட கம்பெனிகளின் பீட்டாவை எடுத்து, அவற்றின் கடன் அளவால் வந்த தாக்கத்தை நீக்கி, நம் கடன் அளவின் தாக்கத்தை ஏற்றித்தான் பெற வேண்டும். அந்தக் கடைசி 2 பெரிதும் ஊகம். அதை மறைக்காமல் தனி வரியில் எழுதி வைப்பது நல்லது.

லோன் 40 பங்கு, சொந்தம் 60 பங்கு என்றால்: 8.25-இல் 40 சதவீதம் 3.3, 18-இல் 60 சதவீதம் 10.8, ஆக 14.1. இதுதான் எடையிட்ட சராசரி மூலதனச் செலவு. 14 என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது ஒரு கேள்வி எழும்: அட்டவணையில் லோன் வட்டியும் தவணையும் ஏன் இல்லை? அவை ஏற்கெனவே 14-க்குள் இருக்கின்றன. வட்டியை அட்டவணையிலும் கழித்து 14-ஆலும் வகுத்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகும். திட்டம் நல்லதா என்பது ஒரு கேள்வி, அதற்குப் பணம் எப்படித் திரட்டுவது என்பது அடுத்த கேள்வி. வங்கி மேலாளர் கேட்பது மூன்றாவது: வருடாவருடம் வரும் ரொக்கம் தவணையையும் வட்டியையும்போல எத்தனை மடங்கு? ஐந்தாம் வருடம் மெஷின் என்ன விலைக்குப் போகும் என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. ஒரு திட்டம் என்.பி.வி.யில் தேறி, தவணை கட்ட முடியாமல் முடங்குவதும் நடக்கும். இரண்டு அட்டவணையும் தேவை, ஆனால் தனித்தனியாக.

விலைவாசி விஷயமும் இதோடு சேர்ந்ததே. 14-க்குள் பணவீக்கம் இருக்கிறது. அப்படியானால் கூலியும் சம்பளமும் வருடாவருடம் ஏறுவதாகத்தான் எழுத வேண்டும். நாம் எளிமைக்காக 34-ஐ ஐந்து வருடமும் அப்படியே வைத்தோம். மின்கட்டணமும் சம்பளமும் ஏறி, கிலோக் கூலி ஏறாமல் நின்றால் 34 சுருங்கும்.

8.27 லட்சம் எதன் மேல் நிற்கிறது

விடை கூட்டலில் வந்ததும் கணக்கை மூடிவிடுகிறார்கள். உண்மையில் வேலை தொடங்குவது அங்கேதான். ஒவ்வொரு எண்ணையும் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

மெஷினின் பழைய விலை 30 லட்சம் கிடைக்கும் என்றோம். அதன் இன்றைய மதிப்பு 15.58 லட்சம். அது கிடைக்காவிட்டால் என்.பி.வி. கழித்தல் 7.31. தொகுப்பில் மிச்சமிருக்கும் தேய்மானத்தின் வரிச் சேமிப்பைச் சேர்த்தாலும் 4 லட்சத்துக்கு மேல் கழித்தலில்தான் நிற்கும். ஆக, துணி பின்னி ஐந்து வருடத்தில் வரும் பணம் மட்டும் இந்தத் திட்டத்தைத் தூக்கவில்லை. செகண்ட் ஹேண்ட் மெஷின் சந்தைதான் தூக்குகிறது. இது தெரிந்த பிறகு முதலாளி விசாரிக்க வேண்டியது கூலி ரேட்டை விட, இதே மாடலில் ஐந்து வருடம் ஓடிய மெஷின் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதை. இல்லாவிட்டால் ஏழெட்டு வருடம் ஓட்டும் திட்டமாக அட்டவணையை மாற்றிப் போட வேண்டும்.

கூலி ரேட்: செலவு அப்படியே இருக்க, ரேட் மட்டும் 4 சதவீதம் இறங்கினால் வருடத்துக்கு 3.2 லட்சம் குறையும். வரி போக 2.4. ஐந்து வருடத்துக்கு 14 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 8.24 லட்சம். மொத்த என்.பி.வி.யும் போயிற்று. ஆர்டர் மந்தமான மாதத்தில் பேரம் பேசி 4 சதவீதம் இறக்குவது இந்தத் தொழிலில் அதிசயமான காரியமா?

அடுத்தது இடம். மெஷின்கள் நிற்கப்போவது சொந்த ஷெட்டில், வாடகை கிடையாது, ஆகவே செலவும் கிடையாது என்று எழுதியிருப்பார்கள். அந்த ஷெட்டை மாதம் 25,000-க்கு வாடகைக்கு விட முடியுமென்றால், மெஷினை வைப்பதால் வருடம் 3 லட்சம் இழக்கிறோம். வரி போக 2.25. ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 7.72 லட்சம். 8.27-இல் அரை லட்சம்தான் மிஞ்சும். காசோலை போகாவிட்டாலும் இது செலவே. பாடப் புத்தகங்கள் வாய்ப்புச் செலவு என்கின்றன. ஷெட்டை யாரும் வாடகைக்குக் கேட்கமாட்டார்கள், வேறெதற்கும் பயன்படாது என்றால் மட்டுமே பூஜ்யம் எழுதலாம்.

இதற்கு நேர் எதிரானது போன பணம். மெஷின் பார்க்க வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போன செலவு, ஆலோசகருக்குக் கொடுத்த கட்டணம் எல்லாம் திட்டத்தைக் கைவிட்டாலும் திரும்பி வராது. அவற்றை அட்டவணையில் சேர்க்கக் கூடாது. "இவ்வளவு செலவழித்துவிட்டோம், இனி விட முடியுமா" என்ற வாக்கியம் கேட்டால், போன பணம் அட்டவணைக்குள் நுழையப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜி.எஸ்.டி.யை ஏன் நீக்கினோம்? மெஷினுக்குக் கட்டிய வரியை, நாம் வசூலித்துக் கட்ட வேண்டிய வரியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் நம் கூலிக்கான வரி விகிதம் குறைவாக இருந்தால் அது கரைய நெடுநாள் ஆகும். உள்ளீட்டு வரி விகிதம் அதிகமாகவும் வெளியீட்டு விகிதம் குறைவாகவும் இருப்பவர்களுக்குத் தரும் ரீஃபண்டில் மெஷின் போன்ற மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரி சேராது. ஆக அந்தத் தொகை தொடக்கத்தில் வெளியே போய், வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதாக எழுதுவதே முறை. அரசு மானியமும் அப்படியே: அனுமதிக் கடிதம் வந்த வருடத்தில் எழுதாமல், பணம் கணக்கில் ஏறும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் வருடத்தில் எழுதுங்கள். மெஷினுக்கென்று வரும் மானியம் தேய்மானம் கணக்கிடும் விலையையும் குறைத்துவிடும்.

ஐ.ஆர்.ஆர்., முதல் திரும்பும் காலம்

என்.பி.வி.யைப் பூஜ்யமாக்கும் விகிதம் எதுவோ அதுவே ஐ.ஆர்.ஆர். நம் திட்டத்தில் 16 சதவீதம் வைத்தால் கூட்டல் 2.08, 17 வைத்தால் கழித்தல் 0.83; ஆக 16.7. எதிர்பார்த்த 14-ஐ விட அதிகம், திட்டம் தேறுகிறது. ஒரே திட்டத்துக்கு ஆம், இல்லை என்று சொல்ல இது போதும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் ஏமாற்றும். 10 லட்சம் போட்டு ஒரு வருடத்தில் 14 லட்சம் தரும் வேலைக்கு ஐ.ஆர்.ஆர். 40 சதவீதம். 100 லட்சம் போட்டு 125 தரும் வேலைக்கு 25 சதவீதம். ஒரே இடத்தில் இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், 14 சதவீதத்தில் முதலாவது தரும் என்.பி.வி. 2.28 லட்சம், இரண்டாவது தருவது 9.65 லட்சம். சதவீதத்தைப் பையில் போட முடியாது. ரூபாயைத்தான் போட முடியும்.

பணம் போய், வந்து, கடைசியில் மறுபடி போகும் திட்டங்களில் இன்னும் விசித்திரம். கல்குவாரியோ சுரங்கமோ மூடும்போது குழியைச் சீரமைக்கப் பெரும் செலவு வரும். இன்று 100 போட்டு, அடுத்த வருடம் 230 எடுத்து, அதற்கடுத்த வருடம் 132 கட்ட வேண்டும் என்றால், 10 சதவீதமும் ஐ.ஆர்.ஆர்., 20 சதவீதமும் ஐ.ஆர்.ஆர். எக்செல் இரண்டில் ஒன்றைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இப்படிக் கூட்டல், கழித்தல் குறி இரண்டு முறை மாறினால் ஐ.ஆர்.ஆரை விட்டுவிட்டு என்.பி.வி.யை மட்டும் பாருங்கள்.

போட்ட முதல் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பதே தொழிலில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. நம் திட்டத்தில் மூன்று வருடத்தில் 86.15 லட்சம், நான்காம் வருடத்தில் மிச்சம். சுமார் 3 வருடம் 10 மாதம். ஃபேஷனும் மாடலும் சீக்கிரம் மாறும் தொழிலில் இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இது காலத்தின் விலையைக் கழிப்பதில்லை. கழித்துப் பார்த்தால் நான்கு வருடத்தில் திரும்பியது 83.23 லட்சம்தான், மிச்சம் ஐந்தாம் வருடம் மெஷினை விற்றால்தான் தேறும். அதே செய்தி மறுபடியும்.

மெஷினிலிருந்து கம்பெனிக்கு

ஒரு கம்பெனியின் மதிப்பைக் காண்பதும் இதே வேலைதான், மெஷினுக்குப் பதில் முழு நிறுவனம். வட்டிக்கு முந்தைய லாபத்திலிருந்து வரியைக் கழித்து, தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, அந்த வருடம் வாங்கிய மெஷின், கட்டடச் செலவையும் நடைமுறை மூலதனம் கூடியதையும் கழித்தால் வருவது மிஞ்சும் ரொக்கம். கடன் கொடுத்தவர்களும் பங்குதாரர்களும் பகிர்ந்துகொள்ளக் கிடைப்பது அவ்வளவே.

ஒரு கம்பெனியில் அது அடுத்த ஐந்து வருடம் 40, 44, 48, 52, 55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீதத்தில் இவற்றின் இன்றைய மதிப்பு 160.7 லட்சம். கம்பெனி ஐந்து வருடத்தில் மூடப்போவதில்லை. அதற்குப் பிறகு என்றென்றும் வருடத்துக்கு 5 சதவீதம் வளரும் என்று கொண்டு, ஆறாம் வருட ரொக்கம் 57.75-ஐ, 14-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 9 சதவீதத்தால் வகுத்தால் 641.67. இது ஐந்தாம் வருட முடிவில் உள்ள மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவந்தால் 333.3. மொத்தம் 494 லட்சம்.

இதில் மூன்றில் இரண்டு பங்கு, ஐந்து வருடத்துக்கு அப்பால் யாரும் பார்க்காத காலத்திலிருந்து வருகிறது. வளர்ச்சியை 5-லிருந்து 6 ஆக்கினால் 539. தள்ளுபடியை 14-லிருந்து 13 ஆக்கினால் 557. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 617, அதாவது 25 சதவீதம் கூடுதல். ஒரு ரூபாய்கூட அதிகம் விற்காமல், எக்செல்லில் இரண்டு செல்களை மட்டும் மாற்றி. மதிப்பீட்டு அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இந்த இரண்டு எண்கள் இருக்கும் பக்கம். என்றென்றும் வளரும் விகிதம் நாட்டுப் பொருளாதாரத்தின் வளர்ச்சியைத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஒரு நாள் அந்தக் கம்பெனி நாட்டைவிடப் பெரிதாகிவிடும். வளர்ச்சி இருக்கிறது என்று எழுதிவிட்டு, கடைசி வருடத்தில் புது மெஷின் வாங்கும் செலவைத் தேய்மானத்தைவிடக் குறைவாகக் காட்டியிருந்தால் அதுவும் சிக்கல். மெஷின் வாங்காமல் என்றென்றும் வளர முடியாது.

இப்படிப் போட்ட மதிப்பைச் சந்தையோடு ஒப்பிட, அதே தொழிலிலுள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் லாபத்தைப்போல எத்தனை மடங்கு விலையில் விற்கின்றன என்று பார்ப்பார்கள். விரைவான சோதனை, அவ்வளவுதான். சந்தையே உச்சத்தில் இருந்தால் மடங்கும் உச்சத்தில் இருக்கும்.

மதிப்பும் விலையும் எப்படிப் பிரிந்து போகும் என்பதற்கு டாடா ஸ்டீல் கோரஸை வாங்கியது நல்ல பாடம். 2006 அக்டோபரில் அந்த ஆங்கில-டச்சு எஃகு நிறுவனத்தின் பங்குக்கு டாடா 455 பென்ஸ் (பிரிட்டிஷ் காசு) தருவதாகச் சொன்னது. பிரேசிலின் எஃகு நிறுவனமான சி.எஸ்.என். போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி இறுதியில் நடந்த ஏலத்தில் சி.எஸ்.என். 603 பென்ஸ் வரை வந்தது, டாடா 608-க்கு வென்றது. மூன்று மாதத்துக்குச் சற்று மேல். விலை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்த இடைவெளியில் உலைகளின் எண்ணிக்கை கூடவில்லை. மொத்த விலை ஏறக்குறைய 1,200 கோடி டாலர், அதில் பெரும்பகுதி கடன். 2008-இல் உலக நெருக்கடி வந்து ஐரோப்பாவின் எஃகுத் தேவை சரிந்தது. அதை ஏலத்தில் இருந்தவர்கள் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் அப்படி ஒன்று நடந்தால் தாங்குவதற்கு 455-இல் இருந்த இடைவெளி 608-இல் இல்லை. 2013-இல் டாடா ஸ்டீல், பெரும்பாலும் ஐரோப்பியத் தொழிலுக்காக, சுமார் 160 கோடி டாலரைப் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளியது. கோரஸோடு வந்த, பிரிட்டனின் வேல்ஸிலுள்ள போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. ஏலத்துக்குப் போகும் முன்பே அதிகபட்ச விலையை எழுதிக் கையெழுத்திட்டு வைப்பதும், தாண்டினால் எந்தச் செல்லை மாற்றினோம் என்று நிர்வாகக் குழுவிடம் சொல்ல வைப்பதும் இதற்காகத்தான்.

நம் 494 லட்சத்துக்கு வருவோம். அது முழு நிறுவனத்தின் மதிப்பு. பங்குதாரருக்கு உரியது இல்லை. வங்கிக் கடன் 150 லட்சத்தைக் கழித்து, தொழிலுக்குத் தேவைப்படாமல் கிடக்கும் ரொக்கம் 20 லட்சத்தைக் கூட்டினால் 364. பங்குகள் 10 லட்சம் என்றால் பங்குக்கு 36 ரூபாய் 40 காசு. தொழிலுக்குப் பயன்படாத மனை ஏதும் கம்பெனி பெயரில் இருந்தால் அதன் சந்தை விலையையும் இங்கே கூட்ட வேண்டும். கட்டாமல் விட்ட பணிக்கொடை, தோற்றால் கட்ட வேண்டிய வரி வழக்கு, பங்குதாரரின் உறவினர்கள் கொடுத்த கைமாற்று எல்லாம் கடனோடு சேரும். இருப்புநிலைக் குறிப்பில் இவற்றில் பாதி அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

குடும்பக் கம்பெனியை வாங்குபவர்கள் 40, 44 என்ற வரிசையைத் தொடுவதற்கு முன்பே இரண்டு திருத்தம் செய்துவிடுவார்கள். முதலாளி சம்பளமே எடுக்காமல் இருந்தால், அந்த வேலைக்கு வெளியாளை வைத்தால் ஆகும் சம்பளத்தைக் கழிப்பார்கள். ஃபேக்டரி நிலம் முதலாளியின் மனைவி பெயரில் வாடகையின்றி இருந்தால் சந்தை வாடகையைக் கழிப்பார்கள். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு வரி போக 10 லட்சம் குறைந்து, அந்தத் தொகையும் வருடாவருடம் 5 சதவீதம் ஏறும் என்றால், மதிப்பில் 110 லட்சத்துக்கு மேல் இறங்கும்: 10-ஐ 9 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள்.